சிகாகோ நீர்க் கோபுரம்: தப்பித்த கல்லும் எரிந்த கூரையும்

சிகாகோவின் வடக்கு மிஷிகன் அவென்யூவில் நடந்து போகிறவர்கள் ஓரிடத்தில் கட்டாயம் நின்றுவிடுவார்கள். சுற்றிலும் கடைகளும் ஹோட்டல்களும். பக்கத்திலேயே 344 மீட்டர் உயரத்துக்குக் கறுப்பாக எழுந்து நிற்கும், 2018 வரை ஜான் ஹான்காக் என்ற பெயர் தாங்கிய கட்டடம். இவற்றுக்கு நடுவே, மஞ்சள் பாரித்த சுண்ணாம்புக்கல்லில், கொத்தளங்களும் குட்டிக் கோபுரங்களுமாக ஒரு சின்னக் கோட்டை. உயரம் ஏறத்தாழ 47 மீட்டர்தான். கட்டி முடித்தது 1869-இல். இதைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: 1871-இல் சிகாகோ நகரமே எரிந்தபோது இந்தக் கோபுரம் எரியவில்லை.

அது உண்மை. எரிந்த பகுதிக்குள் தப்பித்து நின்ற மிகச் சில கட்டடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அதே இரவில், பக்கத்திலேயே இருந்த இதன் ஜோடிக் கட்டடமான பம்ப் நிலையத்தின் கூரை தீப்பிடித்து உள்ளே விழுந்தது. என்ஜின்கள் நின்றன. நகரத்தின் குழாய்கள் வற்றின. கோபுரம் தப்பியது, அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தத் தண்ணீர் விநியோகம் தப்பவில்லை. முதல் பாதியை மட்டும் சொல்லிச் சொல்லி இரண்டாவது பாதியை நாம் மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க, கோபுரத்தை விட்டுவிட்டு முதலில் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

சிகாகோ 1837-இல்தான் நகரமானது. 1850-இல் மக்கள்தொகை சுமார் 30,000. 1870-இல் அது 3 லட்சத்தை நெருங்கிவிட்டது. இருபதே ஆண்டுகளில் பத்து மடங்கு. பக்கத்தில் மிஷிகன் ஏரி கடல்போல விரிந்து கிடக்கிறது, தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். பஞ்சம் இல்லைதான், ஆனால் சுத்தம் இல்லை. சிகாகோ ஆறு அப்போது நகரத்தின் நடுவே ஓடி ஏரியில் கலந்தது. வீட்டுக் கழிவு, இறைச்சிக் கூடங்களின் கழிவு, சாராயம் வடிக்கும் ஆலைகளின் கழிவு எல்லாம் ஆற்றில் விழுந்தன. ஆறு அதை ஏரியில் கொண்டுபோய்க் கொட்டியது. நகரமோ குடிதண்ணீரை அதே ஏரியின் கரையோரத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. குழாயில் சில நேரம் சின்ன மீன்களே வந்து விழுந்தன. 1854-இல் காலரா 1,400 பேருக்கு மேல் கொன்றது.

அதற்கு அடுத்த ஆண்டு பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளரை நகரம் வரவழைத்தது. முதலில் அவர் பாதாளச் சாக்கடை போட்டார். நிலம் தட்டையாக, ஏரி மட்டத்துக்கு ஒட்டியே இருந்ததால் சாக்கடைக்கு ஓட்டம் கிடைக்கவில்லை. அதனால் சாக்கடையைத் தெருவுக்கு மேலேயே போட்டு, மண் நிரப்பித் தெருக்களை உயர்த்தினார்கள். பெரிய பெரிய கட்டடங்களை ஜாக்கி வைத்து ஆட்கள் ஒரே நேரத்தில் திருகித் தூக்கினார்கள். தெருவில் தேங்கிய அசிங்கம் போனது. ஆனால் சாக்கடை போய்ச் சேர்ந்த இடம் ஆறு, ஆறு போய்ச் சேர்ந்த இடம் ஏரி. தெருவைச் சுத்தம் செய்த வேகத்தில் குடிதண்ணீர் இன்னும் கெட்டது.

செஸ்ப்ரோ இதற்குச் சொன்ன தீர்வைப் பலரும் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. கரையோரத் தண்ணீர் கெட்டுவிட்டதா? சரி, ஏரிக்குள் இரண்டு மைல், அதாவது 3 கிலோமீட்டருக்கு மேல், உள்ளே போய் எடுப்போம். ஏரியின் தரைக்கு அடியில் களிமண்ணைக் குடைந்து ஒரு சுரங்கம். உள்விட்டம் 5 அடி, உள்ளே செங்கல் பூச்சு. வேலை 1864 மார்ச்சில் தொடங்கியது. கரையில் செங்குத்தாக ஒரு கிணறு இறக்கி அங்கிருந்து ஏரியை நோக்கித் தோண்டினார்கள். மறுமுனையில், ஐந்து பக்கம் கொண்ட ஒரு பிரம்மாண்டமான மரக்கூட்டை மிதக்கவிட்டு இழுத்துப் போய், கல் நிரப்பி ஏரித்தரையில் அமிழ்த்தி, அதன் நடுவிலிருந்து கீழே இறங்கிக் கரையை நோக்கித் தோண்டினார்கள். மண்வெட்டியும் கடப்பாரையும்தான் கருவிகள். வெட்டிய மண்ணைச் சிறிய தண்டவாளத்தில் ஓடிய வண்டிகள் வெளியே கொண்டுவந்தன. ஏரிக்கு அடியில் இருட்டில் இரண்டு அணிகளும் 1866 இறுதியில் சந்தித்தன. 1867 மார்ச்சில் தண்ணீர் சுரங்கத்துக்குள் வந்தது.

சிகாகோவில் நான் தலைவணங்க வேண்டிய ஒரு கட்டுமானம் உண்டென்றால் அது இந்தச் சுரங்கம். யார் கண்ணிலும் படாதது, புகைப்படம் எடுக்க முடியாதது. கோபுரத்தை இந்தச் சுரங்கத்தின் கரைமுனை என்று நினைத்துக்கொண்டால் அதன் வடிவத்துக்கும் அலங்காரத்துக்கும் காரணம் தெளிவாகும்.

நீர்க் கோபுரம் என்றதும் நமக்கு நினைவு வருவது ஊருக்கு ஊர் தூண்கள்மேல் நிற்கும் மேல்நிலைத் தொட்டி. சிகாகோ கோபுரத்தில் தொட்டியே கிடையாது. உள்ளே இருந்தது ஒரே ஒரு இரும்புக் குழாய். நட்டுக்குத்தலாக 138 அடி, அதாவது 42 மீட்டர் உயரம். குறுக்களவு 3 அடி. இதை ஸ்டாண்ட்பைப் என்பார்கள், நிலைக்குழாய் என்று சொல்லலாம். அதைச் சுற்றிப் படிக்கட்டு வளைந்து ஏறும். இந்தக் குழாய் முழுக்க நிரம்பினாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் 28,000 லிட்டருக்குள்தான். 3 லட்சம் பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 100 மில்லிகூட வராது. ஆக இது தண்ணீரைச் சேர்த்துவைக்கக் கட்டியதே அல்ல.

பிறகு எதற்கு? பம்புக்காக. அன்றைய பம்புகள் இன்றைய மோட்டார்போல ஒரே சீராகச் சுழல்பவை அல்ல. நீராவி என்ஜினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போகும், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு கொத்துத் தண்ணீர் பாயும், நடுவில் ஒரு இடைவெளி. அடிகுழாயில் தண்ணீர் அடித்தவர்களுக்கு இது கைக்கே தெரியும்: கைப்பிடியை அழுத்தும்போது தண்ணீர் குபுக்கென்று வரும், தூக்கும்போது தளரும். அதே குபுக்கு ஒரு நகரம் முழுவதற்கும் தண்ணீர் தள்ளும் ராட்சத என்ஜினிலிருந்து வந்தால் தெருவுக்கடியில் இருக்கும் வார்ப்பிரும்புக் குழாய்கள் ஒவ்வொரு அடிக்கும் அதிரும். இணைப்புகள் விட்டுப்போகும். எங்காவது ஒரு வால்வைச் சட்டென்று மூடினால், ஓடிவந்த தண்ணீர் முட்டிக்கொண்டு அழுத்தம் தாவும், குழாய் வெடிக்கவும் கூடும்.

நிலைக்குழாய் இந்த அடியை வாங்கிக்கொண்டது. பம்பிலிருந்து நகரத்துக்குப் போகும் பெரிய குழாயோடு அது இணைந்திருந்தது. பிஸ்டன் தள்ளும்போது மிஞ்சிய தண்ணீர் நிலைக்குழாயில் மேலே ஏறும். பிஸ்டன் தளரும் நொடியில் ஏறிய தண்ணீர் தன் எடையால் இறங்கி, குறைந்ததை ஈடுகட்டும். வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வரும். தண்ணீர் 10 மீட்டர் உயரம் நின்றால் அடியில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது கணக்கு. 42 மீட்டர் என்றால் நான்குக்குக் கொஞ்சம் மேல். அந்தக் காலத்து வீடுகளின் மாடிகளுக்கு ஏற்ற அது போதும். நகரும் பாகம் எதுவும் இல்லாத, பழுதாக ஒன்றுமே இல்லாத ஒரு கருவி. எனக்கு இந்த எளிமை மிகவும் பிடிக்கும்.

ஆனால் 42 மீட்டர் இரும்புக் குழாயைச் சிகாகோவில் வெறுமனே நட்டுவைக்க முடியாது. ஏரிக் காற்று அதை ஆட்டும், குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்துவிடும். சுற்றி ஒரு உறை வேண்டும். அந்த உறைதான் நாம் பார்க்கும் கோபுரம். சாதாரணச் செங்கல் புகைபோக்கிபோல ஒன்றைக் கட்டியிருந்தாலும் வேலை நடந்திருக்கும். நகரம் அப்படி நினைக்கவில்லை. காலராவுக்குப் பயந்து வாழ்ந்த ஊர், ஏரிக்கடியில் குடைந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்திருக்கிறது. சுரங்கத்தை யாருக்கும் காட்ட முடியாது. காட்டக்கூடியது கரையில் இருக்கும் இந்தப் பகுதிதான். பெருமையை அதன்மேல் செதுக்கினார்கள்.

பொறுப்பு வில்லியம் பாயிங்டன் என்ற கட்டடக் கலைஞரிடம் போனது. மாசசூசெட்ஸில் பிறந்து 1853-இல் சிகாகோவுக்கு வந்தவர். அன்று நகரத்தில் அவரைவிட வேலை அதிகம் வைத்திருந்தவர்கள் குறைவு. கோட்டைச் சாயல் கொண்ட கோதிக் பாணி, அதாவது இடைக்கால ஐரோப்பாவின் கட்டடப் பாணி, அவருக்குப் பழகிய கை. ஜோலியட் சிறைச்சாலையும் ரோஸ்ஹில் கல்லறைத் தோட்டத்தின் வாயிலும் அவர் அதே பாணியில் முன்பே கட்டியவை. சிறைக்கும் கல்லறைக்கும் தண்ணீருக்கும் ஒரே முகமா என்று கேட்கலாம். அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு அந்த முகம் உறுதியையும் பழமையையும் சொன்னது. முப்பது வயது நகரத்துக்குப் பழமை எங்கிருந்து வரும்? கல்லில் வரவழைத்துக்கொண்டார்கள்.

கோபுரத்தின் அடிப்பகுதி சதுரம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 40 அடி. மேலே போகப்போக அடுக்கடுக்காக உள்வாங்குகிறது. ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் கோட்டை மதில்போலப் பல் பல்லாக வெட்டிய கைப்பிடிச் சுவர், மூலைக்கு மூலை ஒரு சிறிய கோபுரம். இந்தச் சதுர அடுக்குகளுக்கு மேல் எண்பட்டைத் தண்டு ஒன்று மெலிதாக எழுகிறது. உச்சியில் ஒரு குவிமாடம். கீழிருந்து பார்க்கும்போது கண் அந்தத் தண்டைத்தான் பிடித்துக்கொண்டு ஏறும், ஏனென்றால் உள்ளே இருந்த குழாயின் உடம்பு அதுதான். அலங்காரத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், கீழே அகலமாகத் தாங்கி, மேலே குழாய் அளவுக்கு ஒடுங்கும் வடிவம். பாயிங்டன் வெறும் விளையாட்டுக் கோட்டை கட்டவில்லை என்பதற்கு அந்த ஒரு கோடே சாட்சி.

கல் ஜோலியட், லெமான்ட் பகுதியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல். இல்லினாய்–மிஷிகன் கால்வாய் வெட்டியபோது அந்தப் பள்ளத்தாக்கில் இந்தக் கல் படுகை படுகையாக வெளிப்பட்டது. 1848-இல் திறந்த அந்தக் கால்வாயே பிறகு கல்லைப் படகில் சிகாகோவுக்குக் கொண்டுவந்தது. வெட்டி எடுத்த புதிதில் மென்மையாக, உளிக்கு இணங்கும், நாளாக ஆக இறுகும். புதிதில் வெளிர் நிறம், வெயிலும் மழையும் பட்டு வெண்ணெய் மஞ்சளாக மாறும். இதற்கு ஒரு குறையும் உண்டு. படுகை படுகையாக உருவான கல் என்பதால், ஈரம் உள்ளே இறங்கி உறைந்தால் ஏடு ஏடாகப் பிரியும். இந்தக் குறை பின்னால் கோபுரத்திடம் வேலை வாங்கியது.

கோபுரத்தோடு சேர்த்து அதே கல்லில், அதே பாணியில் பாயிங்டன் பம்ப் நிலையத்தையும் கட்டினார். சுவர் கல். மேலே கற்பலகை வேய்ந்த கூரை. அந்தக் கூரையைத் தாங்கியது மரம்.

1871-இன் கோடையும் இலையுதிர்காலமும் கடும் வறட்சி. சிகாகோ மரத்தால் ஆன நகரம். வீடு, நடைபாதை, வேலி எல்லாம் மரம், பல தெருக்களுக்கே மரக்கட்டைத் தளம். அக்டோபர் 8, ஞாயிறு இரவு ஒன்பது மணி வாக்கில் டிகோவன் தெருவில் ஓலியரி குடும்பத்தின் கொட்டகையில் தீ தொடங்கியது. மாடு விளக்கை உதைத்தது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. அந்தக் குடும்பத்துப் பெண்மணி சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தார், 1997-இல்தான் நகர மன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்மானம் போட்டது. தென்மேற்குக் காற்று தீயை நகர மையத்தை நோக்கித் தள்ளியது. ஆறு தடுக்கும் என்று நம்பினார்கள். தீ ஆற்றின் தெற்குக் கிளையைத் தாண்டியது, பிறகு முதன்மை ஆற்றையும் தாண்டி வடக்கே வந்தது.

அதிகாலை மூன்று மணியைச் சுற்றிய நேரத்தில் காற்றில் பறந்துவந்த எரிகொள்ளி பம்ப் நிலையத்தின் கூரையில் விழுந்தது. கற்பலகைக்கு அடியில் இருந்த மரம் பற்றிக்கொண்டது. கூரை சரிந்து என்ஜின்கள்மேல் விழுந்தது. அத்தோடு நகரத்தின் அழுத்தம் போய்விட்டது. தீயணைப்புக் குழாய்களைத் திறந்தால் தண்ணீர் இல்லை. நேர்மையாகச் சொன்னால், தண்ணீர் வந்திருந்தாலும் அந்தத் தீயை அப்போது அடக்கியிருக்க முடியாது, அது ஏற்கெனவே கைமீறிவிட்டது. ஆனால் வடக்குப் பகுதி மக்களுக்குத் தங்கள் வீட்டின்மேல் ஒரு வாளி ஊற்றக்கூட வழி இல்லாமல் போனது. வடக்குப் பகுதி ஏறக்குறைய முழுதும் எரிந்தது. தீ தணிந்தது 10-ஆம் தேதி மழை பெய்தபோது. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள், 17,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. பாயிங்டன் கட்டிய பல கட்டடங்களும் அவற்றில் அடக்கம். அதே இரவில் விஸ்கான்சினின் பெஷ்டிகோவில் காட்டுத்தீ ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய நகரத்தின் தீ அந்தச் சிற்றூரின் சாவை மறைத்துவிட்டது.

கோபுரம் ஏன் தப்பித்தது? அதிசயம் ஒன்றும் இல்லை. கல் சுவர், நடுவே இரும்புக் குழாய், எரிவதற்கு மிகக் கொஞ்சமே இருந்தது. பம்ப் நிலையத்தின் கல் சுவர்களும்தான் நின்றன. இரண்டு கட்டடங்களுக்கும் ஒரே கல், ஒரே கலைஞர், ஒரே கொத்தனார் வேலை. வித்தியாசம் கூரையில் இருந்த மரம் மட்டுமே. இதைவிட முக்கியமான குறை ஒன்று இருந்தது: 3 லட்சம் பேரின் தண்ணீர் முழுவதும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது. இரண்டாவது நிலையம் கிடையாது. என்ஜின் நின்றால், நிலைக்குழாயில் இருப்பது சில நொடி விஷயம். சுரங்கத்தை அவ்வளவு தீர்க்கதரிசனத்தோடு வெட்டிய நகரம் இதை எண்ணிப் பார்க்காமல் விட்டதுதான் என்னைத் திரும்பத் திரும்ப உறுத்துகிறது.

என்ஜின்களைச் சரிசெய்து மீண்டும் ஓட்டச் சுமார் ஒரு வாரம் ஆனது. அதுவரை ஏரித் தண்ணீரை மொண்டும் வண்டிக்காரர்களிடம் வாங்கியும் சமாளித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நகரம் ஏரிக்கடியில் இரண்டாவது சுரங்கம் வெட்டி, மேற்குப் பகுதியில் தனியாக இன்னொரு பம்ப் நிலையம் கட்டியது. சாம்பல் மேட்டில் நின்ற கோபுரமோ ஊர் திரும்பியவர்களுக்கு அடையாளமானது. தெருவே தெரியாமல் போன இடத்தில், அதைப் பார்த்துத்தான் தங்கள் வீடு இருந்த திசையைக் கணித்தார்கள். அந்த உணர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நினைவுச்சின்னம் ஆவதற்கு அது போதுமான காரணம்.

1882-இல் சிகாகோ வந்த ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் கோபுரத்தைப் பார்த்து, உடம்பெல்லாம் மிளகுப் பெட்டி ஒட்டிய கோட்டை விகாரம் என்று சொன்னது இன்றும் எல்லா இடத்திலும் மேற்கோளாக வருகிறது. நகரத்தார் கோபப்பட்டார்கள். அதே வைல்ட், பம்ப் நிலையத்துக்குள் ஓடிய என்ஜின்களைப் பார்த்து மயங்கிப்போனதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எஃகுத் தண்டுகள் ஏறி இறங்குவதையும் பெரிய சக்கரங்கள் ஒத்திசைந்து சுற்றுவதையும், தான் கண்டவற்றிலேயே மிக அழகான தாளம் என்று அவர் பிறகு சொற்பொழிவில் சொன்னார். கோபுரம் விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை, அந்த எண்பட்டைத் தண்டை அவர் கவனிக்கவில்லை. என்ஜின் விஷயத்தில் அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

சுரங்கம் கொடுத்த நிம்மதியும் நிரந்தரமாக இல்லை. நகரம் வளர, கழிவு ஏரிக்குள் இன்னும் தூரம் போய் இரண்டு மைலையும் எட்டியது. 1891-இல் மட்டும் டைஃபாய்டில் ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். 1885-இல் ஒரு புயல் மழைக்குப் பிறகு 90,000 பேர் செத்தார்கள் என்று ஒரு செய்தி உலவுகிறது, அது பொய், அப்படி எதுவும் நடக்கவில்லை. உண்மையான எண்ணிக்கையே போதுமான பயங்கரம். கடைசியில் நகரம் ஆற்றையே திருப்பியது. 1900 ஜனவரியில் புதிய கால்வாயைத் திறந்ததும், ஏரியில் விழுந்துகொண்டிருந்த சிகாகோ ஆறு ஏரியிலிருந்து விலகி உள்நாட்டுப் பக்கம் ஓடத் தொடங்கியது. ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்கள் அதை எப்படி வரவேற்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குளோரின் கலப்பது 1910-களில் வந்தது.

அதற்குள் கோபுரத்தின் வேலையும் முடிந்திருந்தது. சீராகச் சுழலும் புதிய பம்புகள் வந்தபின் அடியை வாங்கிக்கொள்ள நிலைக்குழாய் தேவைப்படவில்லை. 1911 வாக்கில் குழாயைக் கழற்றிவிட்டார்கள். உறை மட்டும் மிச்சம். 1913 முதல் 1916 வரை நடந்த புதுப்பிப்பில், ஏடு ஏடாகப் பிரிந்த கற்கள் பலவற்றை எடுத்துவிட்டுப் புதிய கல் வைத்தார்கள். ஆகவே இன்று நாம் தொடும் ஒவ்வொரு கல்லும் தீயைப் பார்த்த கல் அல்ல. மிஷிகன் அவென்யூவை அகலப்படுத்தி, 1920-இல் ஆற்றின்மேல் புதிய பாலமும் திறந்த காலத்தில், இந்த வெற்று உறை எதற்கு, இடித்துவிடலாமே என்ற பேச்சு எழுந்தது. மக்கள் விடவில்லை. 1969-இல் அமெரிக்க நீர்ப்பணிச் சங்கத்தினர் நீர் வரலாற்றுச் சின்னங்களை அடையாளப்படுத்தத் தொடங்கியபோது முதல் இடம் இதற்குக் கிடைத்தது. 1978-இல் உட்புறத்தைச் சீரமைத்தார்கள். இப்போது உள்ளே சிறிய கலைக்கூடம் ஒன்று இருக்கிறது.

இந்த வகைக் கோபுரங்கள் அமெரிக்காவில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. லூயிவில்லில் 1860-இல் கட்டியது ரோமானியத் தூண் போன்றது, 1890-இன் சூறாவளியில் அடிபட்டுச் சீர்பெற்றது. செயின்ட் லூயிஸில் மூன்று நிற்கின்றன. மில்வாக்கியில் ஒன்று. வேலை முடிந்ததும் மற்ற ஊர்களில் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். சிகாகோவில் தீ நடக்காமல் இருந்திருந்தால் இதுவும் அதே வழியில் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நேரம் இருப்பவர்கள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். பம்ப் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் 2003 முதல் நாடக அரங்கு. மீதிப் பகுதியில் பம்புகள் இன்னும் ஓடுகின்றன. ஏரியில் நீரெடுக்கும் மேடைகள் இப்போது வேறு. 1960-களில் கரையில் கட்டிய ஜார்டின் நிலையத்தில் சுத்திகரித்த தண்ணீரை இங்கிருந்து நகரத்துக்குத் தள்ளுகிறார்கள்.